கேப்டவுன் மோகன் காட்டிய வழி

வெறுந்தேநீர்க் குடுவையில் சாய்த்து வைத்திருந்த கைப்பேசியில் ஜெயகுமாரியின் முகம் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் கேப்டவுன்.

தாமுவேயில் எங்களுக்கு மாலை நாலரை, அவளுக்கு நடுப்பகல். பர்கத்துல்லாவின் தேநீர்க்கடையில் இருந்த பத்துப் பேரும் குட்டை நாற்காலிகளை இழுத்துக்கொண்டு சுற்றி உட்கார்ந்துவிட்டோம். அவளுடைய அம்மா மங்கலம் முன்வரிசையில் இருந்தாள்.

நடுவில் மோகன், இந்த பர்மியத் தெருவின் வழக்கப்படி எங்களுக்குக் 'கோ' மோகன், அதாவது அண்ணன். கப்பலில் எண்ணெய் போடும் வேலை பார்த்தவர். கேப்டவுனில் இருபத்து மூன்று நாள் இருந்தாராம். அந்த இருபத்து மூன்று நாளை வைத்துக்கொண்டு ஐந்து வருஷமாக எங்கள் தெருவையே மேய்த்து வந்தார்.

நான் நல்லப்பன், மாந்தலேயைத் தாண்டாதவன். எனக்கு அவர்மேல் வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன். அங்கே மீன் சந்தை எப்படி நாறும் என்று ஒருமுறை மடக்கிப் பார்த்தேன். அப்போது தமக்கு ஜலதோஷம் என்றார்.

மலைக்குப் பின்னால் இருக்கும் ஒயின்காரர்கள் ஊரில் ஜெயகுமாரிக்கு ஓட்டல் வேலை கிடைத்ததும், மோகன் ஒரு தாளில் புத்திமதி எழுதிக் கொடுத்தார். அது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

மலைமேல் மேகம் வெள்ளைத் துணி விரித்தாற்போலப் படுத்தால் அன்றைக்கு ஏறாதே. பிற்பகல் காற்று கிளம்புமுன் கொடியிலிருந்து துணியை எடுத்துவிடு. நம்மூர் மாதிரி கன்னத்தில் தனக்காக் கட்டையைச் சந்தனம்போல் அரைத்துப் பூசாதே, பொருக்குப் பொருக்காய் உதிரும். பன்னிரண்டு மணிக்குக் குன்றில் பீரங்கி சுடுவார்கள். முதலில் புகை தெரியும், சத்தம் நிதானமாகத்தான் வரும், பயப்படாதே. ஒயின் கொடுத்தால் மறுக்காமல் தீர்த்தம் மாதிரி நாக்கில் வைத்துவிட்டுக் கும்பிடு போடு. வழி தவறினால் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கலங்கரை விளக்கத்துக்கு வந்து, பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எனக்குப் போன் செய்.

வழி தவறிவிட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து போனும் செய்துவிட்டாள்.

இரண்டு மணிக்கு ஓட்டல் வண்டி ரயில் நிலையத்துக்கு வரும். அதை விட்டால் அடுத்தது நாளைக்குத்தான். அந்நிய ஊரில் பெட்டியோடு தனியாக ஒரு பெண். கைப்பேசியிலேயே வரைபடம் இருக்கிறது, ஆனால் மோகன் மாமா இருக்கையில் அதெல்லாம் எதற்கு என்று மங்கலமே சொல்லி அனுப்பியிருந்தாள். இப்போது அவள் கையிலிருந்த சமூசா மாவாகிக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கம் டமாரென்று வெடித்தது. மோகன் சொன்ன பீரங்கி! கடையே கைதட்டியது.

"புகையைக் காணோமே மாமா" என்றாள் ஜெயகுமாரி. நான் அதை மனதில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டேன்.

"வெளக்கத்துல இருந்து எடது பக்கமாவே போம்மா. துறைமுகத்து கிரேன் வரும். அதுக்குப் பின்னாடிதான் ரயிலடி" என்றார் மோகன். தேநீரை உறிஞ்சியபடியே சொன்னார்.

பெட்டியின் சக்கரம் கடகடவென்று உருண்டது. பத்து நிமிஷம் உருண்டது.

"மாமா, கிரேனெல்லாம் எனக்குப் பின்னாடி போகுதே."

"என்ன கோ மோகன், ஊரையே திருப்பி வச்சுட்டானுங்களா?" என்றேன் நான். ஐந்து வருஷமாகக் காத்திருந்த சந்தர்ப்பம், விடுவேனா?

மோகன் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். எதற்கென்று எனக்குப் புரிந்தது. எங்கள் தெருவில் தினமும் இந்த நேரத்துக்கு மின்சாரம் போகும். கூடவே கடையின் வைஃபையும் போகும். போனால் அவர் மானம் பிழைக்கும். அன்றைக்கென்று விசிறி ஜோராகச் சுற்றியது.

மோகன் மங்கலத்தைப் பார்த்தார். அவள் தாலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பிப் போம்மா" என்றார். குரல் இறங்கியிருந்தது. "நான் எடதுன்னு சொன்னது உனக்கு வலது. போனைக் கொஞ்சம் கடல் பக்கம் காட்டு."

காட்டினாள். தூரத்தில் நாலைந்து கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றன.

மோகன் நடுக்கப்பலை விரலால் தொட்டார். "அங்கதான் நின்னுச்சு நம்ம கப்பல். கொரோனா வருஷம். ஒருத்தரையும் எறங்க விடல."

கடலிலிருந்து பார்த்தவருக்கு இடது, கரையில் நிற்பவளுக்கு வலது. பீரங்கிப் புகையும் கடலிலிருந்துதான் தெரிந்திருக்கும். அவ்வளவுதான் விஷயம். மனுஷன் அந்த ஊரில் கால் வைத்ததே இல்லை.

பிடித்துவிட்டேன் என்று நான் துள்ளியிருக்க வேண்டும். ஆனால் துணி, காற்று, பெஞ்சு என்று இருபத்து மூன்று நாள் ஒருவர் கரையையே பார்த்துக்கொண்டு நின்றதுதான் என் கண்ணுக்குள் வந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மங்கலம்தான் பேசினாள். "பெஞ்சு இருந்துச்சுல்ல அண்ணே. அது போதும்."

சக்கரம் மறுபடி உருண்டது. கலங்கரை விளக்கம் வந்தது, அதைத் தாண்டியதும் திரையில் கிரேன்கள் நேராகத் தெரிந்தன. அங்கே மணி பன்னிரண்டரைகூட ஆகவில்லை. ஜெயகுமாரி சிரித்துவிட்டாள்.

"ஒரு நிமிஷம் நில்லும்மா" என்றார் மோகன். "போறதுக்கு முன்னாடி அந்தக் கப்பலுங்களுக்குக் கையைக் காட்டிட்டுப் போ. எவனாவது தூரக்கண்ணாடி வச்சுப் பாத்துக்கிட்டு நிப்பான்."

அவள் பெட்டியை விட்டுவிட்டுக் கடலைப் பார்த்துக் கையை வீசி வீசி ஆட்டினாள். கடையில் மங்கலமும் ஆட்டினாள். என் கையும் பாதி எழுந்தது.

அப்போதுதான் மின்சாரம் போனது.