இதுவா, முன்னதா

நான்காவது மென்பொருளும் சரிப்படவில்லை என்று கண்ணாடிக் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

சாப்பாட்டு மேசையில் கணினி. அதன் முன்னால் புதிதாக வாங்கிய மைக். மைக்குக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி உட்கார்ந்து, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய ஒரு மென்பொருள் வேண்டும். தான் மவுத் ஆர்கன் வாசிப்பதைப் பதிந்து வைக்கப் போகிறாராம். அவருக்குத் தெரிந்தது மூன்று பாட்டு. அதிலும் இரண்டு ஒரே மாதிரி இருக்கும்.

எதையும் சட்டென்று முடிவு செய்கிற ஆள் இல்லை அவர். ஒரு குக்கர் வாங்க மழைக்காலம் முழுக்க யோசித்தவர். தீப்பெட்டியில் அச்சடித்திருப்பதைக்கூட ஒரு வரி விடாமல் படிப்பவர். கடையில் நாள் முழுக்க லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கிற அதே கேள்விதான் வீட்டிலும்.

"இது நல்லா இருக்கா, முன்னது நல்லா இருக்கா?"

அதற்குத்தான் அவள் தேவைப்பட்டாள். மைக்குக்கு எதிரில் உட்கார்ந்து எதையாவது பேச வேண்டும். அவர் அதைத் திரும்பப் போட்டுக் காட்டுவார். அவள் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

முதல் மென்பொருளில் பொத்தான்கள் அதிகம். இரண்டாவதில் குரல் ஒரு நொடி பின்தங்கி வந்தது. மூன்றாவது, இரைச்சலை எடுக்கிறேன் பேர்வழி என்று அவள் தொண்டையைச் செருமியதையும் சேர்த்து எடுத்துவிட்டது. அதை அவர் அந்த நிமிடமே கணினியிலிருந்து தூக்கினார். அவர் அப்படிக் கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை அவளுக்கு ஆபரேஷன். குரல்வளையை முழுதாக எடுத்துவிடப் போகிறார்கள். நீச்சல் குளத்தின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரைப் பிள்ளைகளை அதட்டி நீந்தக் கற்றுக்கொடுத்த குரல். கொஞ்சம் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னபோது ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

"போறது போகட்டும் டாக்டர். பெட்டியில பூட்டி வெச்சுட்டு யார் உக்காந்து அழறது?"

மறுநாள் கண்ணாடிக் கடைக்காரர் மைக்கோடு வந்து நின்றார்.

குறைவாகப் பேசவேண்டும், பேசினால் வலிக்கும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் பேசச் சொன்னார். பச்சைச் சுயநலம் என்று தெரிந்தேதான் சொன்னார்.

அவளும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. குக்கர் கதையில் தொடங்கி, ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவது, கடைச் சாவியைத் தொலைத்துவிட்டு அவளைத் தேடவிட்டது, அவர் அண்ணன் வந்து இந்த வீட்டுக் காபியைக் குறை சொன்னபோது அவர் வாயைத் திறக்காதது என்று மூச்சு வாங்க வாங்கத் திட்டித் தீர்த்தாள். அத்தனையும் கணினிக்குள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. மவுத் ஆர்கன் இன்னும் உறையைவிட்டு வெளியே வரவில்லை.

இப்போது ஐந்தாவது.

அவருக்கும் உடம்பு ஓய்ந்துபோயிருந்தது. நிபந்தனைகள் என்று நீளமாக ஏதோ வந்தது. தீப்பெட்டியைக்கூட விடாதவர், ஒரு வரி படிக்காமல் 'சம்மதம்' என்பதை அழுத்தினார். மைக்கின் தலையில் சிவப்புப் புள்ளி எரிந்தது.

"ம், ஏதாவது பேசு."

அவள் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"எனக்கு ஆபரேஷன் தொண்டையிலதாங்க, கண்ணுல இல்ல. அந்தச் சிவப்புப் புள்ளி அணையாம எரியறது மொத நாள்லேர்ந்தே தெரியுது. இல்லாட்டி இந்த வலியில இவ்வளவு நேரம் திட்டுவேனா?"

அவர் அவசரமாகக் கையால் அந்தப் புள்ளியை மறைத்தார்.

அவள் மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளுக்கு 'என்னங்க'. அவசரம் என்றால் 'இங்க பாருங்க'. கோபம் வந்தால் 'உங்களைத்தான்'. வங்கியில் கணவர் பெயர் கேட்டால்கூட அவரையே முன்னால் தள்ளிவிட்டு நிற்பாள்.

இப்போது சொன்னாள். அவர் பெயரை. முழுதாக, நிதானமாக, ஓர் எழுத்தையும் விழுங்காமல்.

திரையில் சின்னதாக ஒரு கோடு எழும்பி அடங்கியது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதிவை நிறுத்தினார். சேமிக்கும் பொத்தானை அழுத்தினார்.

இலவசப் பதிப்பில் சேமிக்கும் வசதி இல்லை என்று வந்தது.

மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதையே சொன்னது. அவள் தொண்டையைப் பிடித்தபடி கண்களை மூடியிருந்தாள். அவளிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை கேட்பது? திரையை அவள் பக்கம் திருப்பத் தைரியமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அவர் நெடுநேரம் அசையாமல் இருந்ததைப் பார்த்து அவளே எழுந்து வந்தாள். அவர் தோளில் கையை ஊன்றிக்கொண்டு குனிந்து, திரையில் இருந்ததைப் படித்தாள். பிறகு மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, தன் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"முன்னதுதான் நல்லா இருந்தது. அதையே போடுங்க."