நடுரோட்டில் ஒரு பெஞ்சு

"ஏம்மா, ரோடு என்ன உன் அப்பன் வீட்டுச் சொத்தா? பெஞ்சை எடு!"

காரை விட்டு இறங்கியவன் மழைக்கோட்டுத் தொப்பிக்குள்ளிருந்து கத்தினான். நாகஜோதி அசையவில்லை. சிறுமலை அடிவாரத்தில், மலைப்பாதை தொடங்கும் இடத்தில், தன் பழக்கடை பெஞ்சை நடுரோட்டில் போட்டு அதன் மேல் சட்டமாக உட்கார்ந்திருந்தாள்.

"மூணு நாளா விடாத மழை. மண்ணு ஊறிக் கெடக்கு, எப்பச் சரியும்னு தெரியாது. திரும்பிப் போங்கண்ணே."

"மேல ரூம் போட்டாச்சு. புள்ளைகளுக்கு அருவியைக் காட்டணும். தடுக்க நீ யாரு, கலெக்டரா?"

"பழம் விக்கிறவ."

"அப்படிச் சொல்லு! வண்டியை நிப்பாட்டிப் பழத்தைத் தலையில கட்டத்தான் இந்த நாடகம்."

"கடையை எட்டிப் பாருங்க, ஒரு சீப்பு இருக்கா? விடிஞ்சதுலருந்து மலைவாழைத் தாரோட ஒரு குதிரைகூட இறங்கல."

சுமையோடு முன்னால் வரும் குதிரை ஈர மண்ணில் காலை ஊன்ற மறுத்தால் அன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது. அதுதான் குதிரைக்காரர்கள் வழக்கம். போன ஐப்பசியில் அதை மீறிய அவள் புருஷன், ஒரு காலை மண்சரிவுக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் கிடக்கிறான்.

காருக்குள் இரண்டு பெண் குழந்தைகள் கண்ணாடியை இறக்கிவிட்டு மழையில் கை நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்ததும் அவள் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவன் பெஞ்சின் காலைப் பிடித்து இழுத்தான்.

"நல்லா இழுங்க. என் மேல ஏத்திட்டுத்தான் வண்டி போகணும்!"

"மலை சரியும்னு உனக்கு எவன் சொன்னான்? மறிக்கச் சொல்லி எவன் சொன்னான்?"

அந்தக் குரலை எங்கேயோ கேட்டது போல அவளுக்கு முதலிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது பிடிபட்டுவிட்டது. செல்லை எடுத்து, சத்தத்தைக் கூட்டி, காலையில் பார்த்த வீடியோவைத் தட்டினாள்.

"வணக்கம் சொந்தங்களே! நான் உங்கள் வானிலை பிரபு. இந்த வாரம் யாரும் சிறுமலைப் பக்கம் போயிடாதீங்க. புள்ளை குட்டியோட யாராவது போனா, வழியை மறிச்சாவது நிறுத்துங்க!"

"ஐ! செல்லுல அப்பா!" என்று காருக்குள் சின்னது கை தட்டியது.

அவன் கை பெஞ்சை விட்டது.

நாகஜோதி எழுந்திருக்கவில்லை.

"நீங்க சொன்னதைத்தாண்ணே செஞ்சேன். வண்டியைத் திருப்புங்க."