ஆர்டித் மறைத்தது

ஆர்டித் எழுதிக் கொடுத்த செய்முறை பொய். மூன்று தடவை செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மூன்று தடவையும் உள்ளே வைத்த மார்ஷ்மெல்லோ மிட்டாய் உருகி, குக்கியைப் பொத்துக்கொண்டு வெளியே வழிந்து, தட்டோடு ஒட்டிக் கருகியது. கரண்டியை வைத்துச் சுரண்டியதுதான் மிச்சம். நாற்பது வருஷமாக ஓவன் முன்னால் நிற்கிறவள் நான். குறை என் கையில் இல்லை.

எங்கள் மினசோட்டா பக்கத்தில் செய்முறை கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுப்பார்கள், ஒன்றே ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டு. நானே என் எலுமிச்சை கேக்கில் வெண்ணெயைக் கொஞ்சம் குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன். அது வேறு விஷயம். இது சர்ச்சின் நூறாவது ஆண்டு சமையல் புத்தகம். இதில் போயா இந்தக் கஞ்சத்தனம்?

அந்தக் குக்கிக்கு இருக்கிற மவுசு அப்படி. கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை சர்ச் மேசையில் முப்பது தட்டு வைத்தால், முதலில் காலியாவது ஆர்டித் கொண்டுவரும் தட்டுதான். பிட்டால் உள்ளேயிருந்து சாக்லெட்டும் மார்ஷ்மெல்லோவும் இழை இழையாக வரும். நானும் நாலைந்தை நாப்கினில் சுற்றிப் பையில் போட்டுக்கொள்வேன். நல்லதை நல்லது என்று சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

ஆர்டித்தையே போனில் கேட்டேன். ஓவனில் எத்தனை நிமிஷம் என்றால் பத்து என்றாள், அப்புறம் பன்னிரண்டாக இருக்கும் என்றாள். மார்ஷ்மெல்லோ பெரிதா சின்னதா என்றால், பார்த்துச் சொல்கிறாளாம். பன்னிரண்டு வருஷமாகச் செய்கிறவள் பார்த்துத்தான் சொல்ல வேண்டுமாம். என்ன நடிப்பு!

புத்தகக் குழு கூடியது. குழுத் தலைவி டெலோரஸ் கொதித்துப்போயிருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் சரியான செய்முறை வர வேண்டும், வராவிட்டால் புத்தகத்தில் ஆர்டித் பெயர் கிடையாது, இந்த வருஷம் குக்கி மேசையில் அவளுக்கு இடமும் கிடையாது என்று முடிவாயிற்று. புருஷன் போன பிறகு ஆர்டித்துக்கு இருக்கிற ஒரே கொண்டாட்டம் அந்த மேசைதான். அது தெரிந்துதான் அங்கே கை வைத்தோம். அவளிடம் போய்ச் சொல்லும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை போனேன். எங்கள் ஊரில் வாசல் கதவைத் தட்டினால் அவன் ஏதோ விற்க வந்தவன் என்று அர்த்தம். தெரிந்தவர்கள் கார் நிறுத்தும் கராஜ் வழியாக நேரே சமையலறைக்குள் போய்விடுவோம். பூட்ஸில் ஒட்டியிருந்த பனியை உதறிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

ஆர்டித் மேசையில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஓவன் முன்னால், கை நிறையச் சாக்லெட் மாவோடு நின்றவள் வாண்டா.

வாண்டாவை ஊருக்கே தெரியும். அவள் புருஷன் குடித்துவிட்டு வண்டி ஓட்டி, ஏரிக்கரைச் சாலையில் ஹாஃப் குடும்பத்துப் பையன் மேல் ஏற்றிக் கொன்றவன். பதிமூன்று வருஷமாக ஜெயிலில் கிடக்கிறான். அவளும் சர்ச் பக்கம் தலைகாட்டுவதில்லை. அதுவும் நல்லதுதான் என்று நாங்கள் இருந்துவிட்டோம்.

“ஓஹோ, கதை இதுதானா? இவ செஞ்சதை உன் பேர்ல வெச்சு பன்னெண்டு வருஷமா நல்ல பேரு வாங்கியிருக்கே. வெக்கமா இல்லையாடி?”

கேட்ட கையோடு குழுவின் முடிவையும் ஒரே மூச்சில் சொன்னேன். முகம் தொங்கிப்போகும் என்று பார்த்தேன். ஆர்டித் பென்சிலைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“என் பேரை எடுத்துடு. மேசையும் வேண்டாம். இவதான் செய்யறான்னு மட்டும் வெளியே சொல்லாதே, மார்லிஸ். தெரிஞ்சா அந்தத் தட்டை ஒருத்தரும் தொட மாட்டீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. எங்களைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் இவள்?

வாண்டா மெதுவாக, செய்முறையில் என்ன கோளாறு என்று கேட்டாள். மார்ஷ்மெல்லோ வழிகிறது என்றேன். அவள் ஃப்ரீசரைத் திறந்து ஒரு பையை எடுத்து என் கையில் வைத்தாள். உள்ளே மார்ஷ்மெல்லோ கல்லாக இருந்தது. எப்போதும் ஃப்ரீசரில் கிடக்கிற பொருள் என்பதால், அதை உறைய வைக்க வேண்டும் என்று ஆர்டித்திடம் சொல்லவே அவளுக்குத் தோன்றவில்லையாம். யாரும் எதையும் மறைக்கவில்லை. மூன்று தட்டு குக்கியை நான் கருக்கியதுதான் மிச்சம்.

ஓவனிலிருந்து எடுத்த சூட்டோடு ஒரு குக்கியைத் தட்டில் வைத்து நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன், கை வாங்கிக்கொண்டது.

நானும் பெருந்தன்மையாகத்தான் பேசினேன். போனது போகட்டும் வாண்டா, புத்தகத்தில் உன் பெயரையே போட்டுவிடுகிறேன், நாங்கள் யாரும் அவ்வளவு கல்மனசுக்காரர்கள் இல்லை என்றேன். வாயில் குக்கியை வைத்துக்கொண்டேதான் சொன்னேன்.

வாண்டா கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். கோபமாகக்கூடப் பேசவில்லை.

“வேணாங்க, ஆர்டித் பேரே இருக்கட்டும். அவர் ஜெயிலுக்குப் போன வருஷம் என் பேர்லதான் சர்ச் மேசையில கொண்டுவந்து வெச்சேன். எல்லாம் தீந்துபோச்சுன்னு சொல்லி, நீங்கதான் தட்டைக் கழுவிக் குடுத்தீங்க. அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு, வெளியே வந்து குப்பைத் தொட்டியைத் திறக்கற வரைக்கும்.”