பொங்கல் பானைக்கு வெயில்

"இதிலை ஒரு கையெழுத்துப் போடு பிள்ளை. பேர், விலாசம், கையெழுத்து. மூண்டும் வேணும்."

பாரிசில் ரூ காய் என்ற தெருவில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் வாமதேவன் தாளை நீட்டினார். கடையில் வேலை செய்யும் யசோதா முருங்கைக்காய்க் கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என்னண்ணை இது?"

"எங்கட வீட்டுக்குப் பக்கத்து வெறுங்காணியிலை நாலு மாடிக் கட்டடம் எழுப்பப் போறாங்களாம். வேண்டாமெண்டு மெரிக்குக் குடுக்கிற பேப்பர்."

"உங்களுக்கு வேண்டாமெண்டால் எனக்கும் வேண்டாம்" என்று அவள் எழுதத் தொடங்கினாள். மேலே பிரெஞ்சில் என்ன இருக்கிறது என்று வாசித்துக்கூடப் பார்க்கவில்லை.

வாமதேவன் குடியிருப்பது பாரிசுக்கு வெளியே, ரயிலில் இருபது நிமிடத்தில் போய்விடக்கூடிய ஒரு சின்ன ஊர். நூறு வீடு இருந்தால் இருபத்தைந்து வீடு குறைந்த வாடகை வீடாக இருக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டத்தை இறுக்கிவிட்டது. அந்த ஊரில் பத்துக்கூட இல்லை. மெரி, அதாவது நகரசபை, காணி தேடித் தேடிக் கடைசியில் வாமதேவனின் மதிலோரம் வந்து நின்றது.

நாலு மாடி எழும்பினால் கிழக்கு வெயில் போச்சு. இருபது வருடம் கடையில் கால் கடுக்க நின்று வாங்கிய வீடு அது. முற்றத்தில் சூரியனைப் பார்த்துப் பொங்கலாம் என்பதற்காகவே வாங்கியது.

"போன பொங்கலுக்குக் குடை பிடிச்செல்லோ பொங்கினனாங்கள்?" என்றாள் காசு வாங்கும் மேசையில் இருந்த மனைவி நாகேஸ்வரி. "எந்தச் சூரியனை மறைக்கப் போறாங்கள்?"

"குடை பிடிச்சாலும் கிழக்கு கிழக்குத்தான். நீ சும்மா இரு!"

அன்று சனிக்கிழமை. கடைக்கு வந்தவர்கள் எல்லாரிடமும் தாள் போனது. ரூ லூயி-பிளாங்கில் சமையல் வேலை செய்யும் உதயன், "எங்கை அண்ணை போட?" என்று மட்டும் கேட்டான். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. வாமதேவன் கேட்டு 'இல்லை' என்று சொல்ல அந்தத் தெருவில் யாருக்கும் வாய் வராது. அவருக்கும் அந்தச் சொல் வாயில் வந்ததில்லை, அதுதான் காரணம்.

கையெழுத்துப் போட்ட கையோடு பலர் நாகேஸ்வரியிடம் போய், "அக்கா, எனக்கு ஏதும் வந்ததோ?" என்று கேட்டார்கள். அவள் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து அவரவருக்கு உரியதை எடுத்துக் கொடுத்தாள்.

கடை பூட்டும்போது எண்ணிப் பார்த்தால் நாற்பத்தேழு கையெழுத்து. வாமதேவன் தாள்களை அப்படியே உறையில் போட்டு ஒட்டி மெரிக்கு அனுப்பினார்.

அடுத்த வியாழன் மாலை நகரசபை மண்டபத்தில் கூட்டம். கட்டடம் வேண்டாம் என்று அயலிலுள்ள பிரெஞ்சுக்காரர்கள் எல்லாருமாகச் சேர்ந்தே பதினொரு கையெழுத்துத்தான் கொண்டுவந்திருந்தார்கள். வாமதேவனின் எண்ணிக்கையைக் கேட்டதும் கைதட்டினார்கள். அவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

நகரபிதா மார்செல் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"முசியூ வாமதேவன், உண்மையைச் சொல்கிறேன். இந்தக் கட்டடத்தை நான் ஆசைப்பட்டு எடுக்கவில்லை. சட்டம் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது. அபராதத்தைக் கட்டிவிட்டுச் சும்மா இருக்கலாமா என்றுகூட யோசித்தேன். உங்கள் மனுதான் என்னை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தது."

நாகேஸ்வரி பிரெஞ்சு பாதி விளங்கிக் கணவரின் கையைக் கிள்ளினாள். "வெண்டிட்டியள் போலை."

"முதல் பெயர் யசோதா" என்று நகரபிதா தாளைப் பார்த்து வாசித்தார். "எங்கள் ஊரில் குறைந்த வாடகை வீடு கேட்டு ஆறு வருடமாகக் காத்திருப்பவர். பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். கையெழுத்து வைத்தவர்களில் முப்பத்தொன்பது பேர் அப்படிக் காத்திருப்பவர்கள். முப்பத்தொன்பது பேரும் எழுதியிருக்கும் விலாசம் ஒன்றுதான், முசியூ. இலக்கம் பதினான்கு. உங்கள் வீடு."



ஓர் அறையில் ஆறு பேராகக் கிடப்பவர்களுக்குக் கதவில் பெயர் ஏது, கடிதம் ஏது? 'என்ரை தபால் பெட்டியிலை உன்ரை பேரையும் ஒட்டு' என்று வாமதேவன் வருடக்கணக்காகச் சொல்லி வந்தார். வந்த கடிதங்கள்தான் நாகேஸ்வரியின் லாச்சியில் இருந்தன. வீடு கேட்டு மெரிக்கு எழுதியபோதும் அவர்கள் கொடுத்தது அந்த விலாசத்தைத்தான். மெரிக்குப் போகும் பேப்பர் என்றதும் எல்லாருடைய கையும் பழகிய விலாசத்தையே எழுதிவிட்டது.

"இந்த ஊரில் இத்தனை பேருக்குக் கதவு திறந்தவர் நீங்கள் ஒருவர்தான். நாங்கள் வெட்கப்பட வேண்டும். கட்டடத்தைக் கட்டத்தான் போகிறோம்" என்றார் நகரபிதா. அவர் குரலில் கேலி இல்லை.

வெட்கம் வாமதேவனைத்தான் பிடுங்கித் தின்றது. அந்தக் கட்டடம் யாருக்கு என்று அவர் ஒருநாளும் கேட்டுப் பார்க்கவில்லை. யசோதா முருங்கைக்காயைக் கீழே வைத்துவிட்டுத் தனக்குக் கிடைக்கக்கூடிய வீட்டுக்கு எதிராகவே கையெழுத்துப் போட்டது கண்ணுக்குள் நின்றது.

"ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

அவர் எழுந்து, தன் கடைப் பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார்.

"நாலு மாடி வேண்டாம் என்றுதான் இப்போதும் சொல்கிறேன்."

அயலவர்கள் மறுபடி கைதட்டினார்கள். அது ஓயும்வரை பொறுத்திருந்தார்.

"முப்பத்தொன்பது பேருக்கு அது காணாது. ஆறு மாடியாகக் கட்டுங்கள்."