பச்சைப் புள்ளி

ரமேஷின் ரத்தம் பச்சையாக மின்னியது. நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கிய ஆராய்ச்சி மாணவி விஷாகா, மறுபடி குனிந்து பார்த்தாள்.

படூர் கல்லூரி ஆய்வகத்துக்கு ரத்தத்தைச் சோதிக்கும் அந்த ஆன்டிபாடி மருந்து வெளிநாட்டிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்து சேரவே மூன்று மாதம் ஆகியிருந்தது. கதிர்வீச்சு பட்டு டி.என்.ஏ. அறுந்தால், அதைத் தாங்கியிருக்கும் ஹிஸ்டோன் புரதம் 'இங்கே ரிப்பேர்' என்று ஒரு குறி போட்டுக்கொள்ளும். ஆன்டிபாடி அந்தக் குறியில் ஒட்டிக்கொண்டு பச்சைப் புள்ளியாகத் தெரியும். ஆரோக்கியமான ரத்தத்தில் புள்ளியே அபூர்வம்.

ஒப்பிட்டுப் பார்க்க அப்படியொரு ரத்தம் வேண்டும் என்று காலையில் கேட்டபோது, சற்றுத் தாமதமாக வந்த ஆய்வக உதவியாளர் ரமேஷ்தான் முதலில் சட்டைக் கையை மடித்தார். காய்ச்சல் உண்டா, மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எக்ஸ்ரே எடுத்தீர்களா என்று விஷாகா விசாரித்தாள். எதுவுமில்லை என்றார். ரத்தம் கொடுத்தபின் டீயை மறுத்துவிட்டு, பையிலிருந்த வாழைத்தண்டுச் சாற்றைக் குடித்தார்.

அவளுடைய ஆராய்ச்சி நெறியாளர் ஞானம்பாள் வந்து பார்த்தார். மருந்து வழியில் கெட்டிருக்கும், திருப்பி அனுப்பிவிடலாம் என்றார்.

விஷாகாவுக்கு மனம் ஒப்பவில்லை. தன் ரத்தத்தையே எடுத்து மறுபடி சோதித்தாள். சாயங்காலம் பார்த்தால் ஒரே இருட்டு, ஒரு புள்ளிகூட இல்லை.

அப்படியென்றால் கோளாறு ஆன்டிபாடியில் இல்லை, ரமேஷின் உடம்பில்தான்; புற்றுநோயாகக்கூட இருக்கலாம்.

அடுத்த வாரம் நெம்மேலியில் ரமேஷ் வீட்டுக் கிரகப்பிரவேசம். பத்திரிகை மேசைமேலேயே கிடந்தது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு பேரும் வெகுநேரம் யோசித்தார்கள். பயப்படாதபடி பேச வேண்டும் என்று முடிவு செய்து, கடைசியில் அவரைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

"ஒண்ணுமில்லண்ணா, சும்மா ஒரு செக்கப்புக்குத்தான்" என்றாள் விஷாகா, அவர் முகத்தைப் பார்க்காமல். "நாளைக்கே போய் முழு ஸ்கேன் ஒண்ணு எடுத்துடலாம். நானும் கூட வரேன்."

"மறுபடியுமா மேடம்?" என்றார் ரமேஷ். "காத்தாலதான் கிட்னி கல்லுக்கு செங்கல்பட்டுல சி.டி. ஸ்கேன் எட்த்துகினு வந்தேன், நூறு எக்ஸ்ரேக்கு சமமாமே."