நாலு மணி வசவு

“உன்னையெல்லாம் எவன் அந்த நாற்காலியில உக்கார வச்சான்? வாயைத் திறந்தா மன்னிக்கணும், மன்னிக்கணும். வீட்டுல பால் திரிஞ்சு போச்சு. உன் மன்னிப்பையா காய்ச்சிக் குடிக்கிறது?”

தன் அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இதை ஒட்டுக் கேட்ட மேற்பார்வையாளருக்கு ரத்தம் கொதித்தது. ஃப்ரிட்ஜ் கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு அவர் மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்குள் இது மூன்றாவது தடவை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதே பெண், அதே எண், டாண் என்று நாலு மணிக்கு.

வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தவள் ஐந்தாவது இருக்கை சிரிப்பு அக்கா. பதினோரு வருடமாக அங்கே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள். எரிந்து விழுகிறவர்களைக்கூட ‘சரிம்மா, பரவாயில்லை’ என்று சொல்ல வைத்துவிடுவாள். அதனாலேயே முரட்டு அழைப்பு எது வந்தாலும் மற்ற ஏழு பேரும் அவள் தலையில் கட்டிவிடுவார்கள். சிரித்த முகம் என்றால் இளப்பம்தானே.

இதற்குள் மறுமுனையில் வசவு ஃப்ரிட்ஜை விட்டு எங்கெங்கோ போய்விட்டது. பஸ்ஸில் காலை மிதித்தவன், தின்ற தட்டைக் கழுவாத கொழுந்தன் என்று ஒருத்தரையும் அந்த அம்மாள் பாக்கி வைக்கவில்லை. பில் நம்பர் என்ன, எந்த மாடல் என்று அக்காவும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கத்திக் கத்தி அந்த அம்மாளுக்கு இருமலே வந்துவிட்டது.

“தண்ணி குடிச்சிட்டு வாங்க. நான் லைன்லதான் இருக்கேன்” என்றாள் அக்கா.

மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு விட்ட இடத்திலிருந்து வசவு தொடர்ந்தது. பத்து நிமிடம் ஆனதும் போனை வைத்துவிட்டார்கள்.

மேற்பார்வையாளர் விறுவிறுவென்று ஐந்தாவது இருக்கைக்கு வந்தார்.

“என்னக்கா இது? கேக்கிற எனக்கே காது கூசுது. மூணு தடவை திட்டினா நம்பரை முடக்கலாம்னு விதியே இருக்கு. இப்பவே முடக்கிடறேன்.”

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. அக்கம்பக்கத்து இருக்கைக்காரர்கள் பேசுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

“வேண்டாம் சார்.”

“உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“நல்லதுக்குன்னா விட்டுடுங்க.”

“ஒருத்தி கண்டபடி திட்டுறா, நீங்க தண்ணி குடிச்சிட்டு வான்னு உபசாரம் பண்றீங்க. மனுஷங்கன்னா சூடு சொரணை வேண்டாமா?”

“இருக்கறதுனாலதான் சார் சொல்றேன். காலையிலேருந்து எழுபது பேருக்குப் பல்லைக் காட்டியாச்சு. இன்னும் ரெண்டு மணி நேரம் காட்டணும். வீட்டுக்குப் போனா அங்கேயும், ‘நீதான் எதையும் லேசா எடுத்துக்குவியே’ன்னு ஆளாளுக்கு வந்து கொட்டுவாங்க. எனக்கும் அலுக்கும் சார். எனக்கு இருக்கிறது இந்த நாலு மணி ஒண்ணுதான்.”

“அதுக்குத் திட்டு வாங்கணுமா?”

“அந்த நம்பரைத் தொட்டுப் பாருங்க. நாளையிலேருந்து இந்த சீட்ல சிரிப்பு கிடையாது. மேலிடத்துக்கு எழுதணும்னா தாராளமா எழுதிக்கோங்க.”

மேற்பார்வையாளருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நல்லதுக்குக் காலமில்லை. திட்டு வாங்கினால்தான் அலுப்புத் தீரும் என்கிற பிறவியை அவர் இப்போதுதான் பார்க்கிறார். இவளிடம் பேசிப் பயனில்லை, அந்த வாயாடியையே கேட்டுவிடலாம் என்று அக்காவின் போனை இழுத்து அந்த எண்ணை அழுத்தினார்.

“நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கிறேன், இருங்க.”

“கேளுங்க” என்று கையைக் கட்டிக்கொண்டாள் அக்கா.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

“வணக்கம், வாஷிங் மெஷின் புகார்ப் பிரிவு. உங்களுக்கு உதவறதுல எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். சொல்லுங்க.”

அதே குரல்தான். ஆனால் இப்போது அதில் தேன் ஒழுகியது. மேற்பார்வையாளர் ரிசீவரைப் பொத்திக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தார்.

அக்கா அசரவில்லை. அவர் கண்ணை நேராகப் பார்த்தாள்.

“வச்சிடுங்க சார். நாளைக்கு நான் திட்டுற முறை.”