வெளிநாட்டுக்காரருக்கு வழி

“அக்கா, பாவம் இந்த வெளிநாட்டுக்காரர்! வழி தெரியாமத் திண்டாடுறார். பதினொரு மணிக்குள்ள பொன்மூங்கில் கட்டடத்துக்குப் போயாகணுமாம். விட்டா வேலையே கெட்டுடுமாம். கொஞ்சம் சொல்லுங்களேன்!”

நூடுல்ஸ் கடைக்கார அம்மாள் கொதிக்கிற அண்டாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். கேட்டவன் லெங். முப்பது வயது, இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் டை. அவன் பிடியில் ஒரு நெட்டை வெள்ளைக்காரர் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்.

“ஏன் தம்பி, உன் பேச்சைக் கேட்டா அசல் சோங்சிங்காரன் மாதிரி இருக்கே. உனக்கே தெரியாதா?”

“எனக்கா தெரியாது? கண்ணைக் கட்டி விட்டாலும் போவேன்! இன்னொருத்தர் வாயால கேட்டாத்தான் இவருக்கு நம்பிக்கை வருது. என்ன பண்ண?”

எங்கள் சோங்சிங்கில் வழி கேட்பது வெளியூர்க்காரன் வேலை. ஊர் முழுக்க மலை. ஒரு தெருவில் தரைத்தளமாக இருப்பது அடுத்த தெருவில் பதினோராவது மாடி. போனில் இருக்கும் வரைபடம் ‘வந்து சேர்ந்துவிட்டீர்கள்’ என்று சொல்லிவிட்டுக் கழன்றுகொள்ளும். மேலேயா, கீழேயா என்று மட்டும் சொல்லித் தொலைக்காது. அதற்காக உள்ளூர்க்காரன் வாயைத் திறந்து கேட்டுவிட முடியுமா? மானம் என்ன ஆவது!

“அந்த லிப்டுல மொட்டை மாடிக்குப் போ. அங்க பஸ் ஸ்டாப் இருக்கும். தாண்டினா பாலம்.”

“அதேதான்! நான் சொன்னேன், இவர் கேட்டாத்தானே!” என்று லெங் வெள்ளைக்காரரை இழுத்துக்கொண்டு ஓடினான்.

வெள்ளைக்காரர் போனில் ஏதோ பேசி, அது சீனத்தில் எழுதிக் காட்டியதை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“நன்றியெல்லாம் அப்புறம் சார், நேரமாகுது!” லெங் படிக்காமலே போனைத் தள்ளிவிட்டான்.

பாலத்தில் பறவைக் கூண்டோடு ஒரு பெரியவர் எதிரே வந்தார். லெங் மறுபடியும் அதே பாட்டைப் பாடினான்.

“பொன்மூங்கிலா? இந்தப் பாலமே தப்புப்பா. கீழ இறங்கி மீன் சந்தைக்குள்ள புகுந்து போகணும்” என்ற பெரியவர், வெள்ளைக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். “இவ்வளவு பெரிய ஆளு, முக்கியமான வேலைன்னா முந்தின நாளே வந்து இடத்தைப் பார்த்து வச்சிருக்க வேணாமா? மண்டையில மசாலா இல்ல?”

லெங்கின் காது சிவந்துவிட்டது. “நல்லாக் கேளுங்க மாமா” என்று முனகிவிட்டு நடையைக் கட்டினான்.

சந்தையில் வெள்ளைக்காரர் வழுக்கி விழப் பார்த்தார். மறுபடி போனை நீட்டினார். லெங் மறுபடி தள்ளினான். சுரங்கப்பாதை, இன்னொரு லிப்ட், ஒரு பள்ளிக்கூடத்தின் பின்வாசல் எல்லாம் கடந்து, மூச்சு வாங்க வாங்க ஒரு கண்ணாடிக் கதவைத் தள்ளியபோது பதினொன்று அடிக்கச் சற்றே நேரம் இருந்தது. அப்பாடா!

“யாரைப் பார்க்கணும்?” என்று வரவேற்பில் இருந்த பெண் வெள்ளைக்காரரைப் பார்த்துக் கேட்டாள்.

லெங் அவர் கையை விட்டான். டையைச் சரி செய்துகொண்டு பையிலிருந்து சான்றிதழ்களை எடுத்து நீட்டினான்.

“என் பேரு லெங். பதினொரு மணிக்கு நேர்காணல். நகர வழிகாட்டி வேலைக்கு.”

“அப்ப இவர்?”

வெள்ளைக்காரர் கெஞ்சுகிற முகத்தோடு போனை இப்போது அவளிடம் நீட்டினார். அவள் உரக்கப் படித்தாள்: “ஐயா, நான் வழி கேட்கவே இல்லை. என் ஓட்டல் வாசலில் மனைவிக்காகக் காத்து நின்றேன். தயவுசெய்து என்னை விட்டுவிடுங்கள்.”

உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த மேலாளர் சான்றிதழ்களை வாங்கி அப்படியே மூடி வைத்தார்.

“கேள்வியே வேணாம், மிஸ்டர் லெங். இவரைத் திரும்ப ஓட்டல்ல விட்டுட்டு வாங்க, வேலை உங்களுக்குத்தான். ஆனா ஒண்ணு, வழியில யார்கிட்டயும் கேட்கக் கூடாது.”